நெல்லுக்குள் பேஸ் கிட்டார்

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே அது என் கண்ணில் பட்டுவிட்டது. கூடத்தில் என் தம்பி கொட்டி வைத்திருந்த குறுவை நெல் குவியலின் உச்சியில் என் பேஸ் கிட்டாரின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கம்பிகளை இறுக்கும் நான்கு முறுக்காணிகளும் தெரிந்தன. மற்றதெல்லாம் நெல்லுக்குள்ளே. பக்கத்தில் என் கணவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெரிய காரியம் ஒன்றை ஒற்றை ஆளாகச் செய்து முடித்தவரின் முகம் அவருக்கு.

"நேத்து மழையில நனைஞ்சுச்சுல்ல? அரிசிக்குள்ள போட்டா ஈரத்தை இழுத்துடும். என் போனுக்கு உசுரு வந்துச்சா இல்லையா? அதே வைத்தியம்தான்" என்றார்.

அவர் நாகப்பட்டினத்தில் துறைமுகத்துப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். கருவாடு காய்ந்துவிட்டதா என்று தொடாமலே சொல்வார். மீனுக்கு வாலைப் பார்த்தே பெயர் சொல்வார். நெல் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கல்யாணமாகி இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும், நெல் என்றால் சட்டை போட்ட அரிசி, அவ்வளவுதான் அவருக்கு. அவருடைய கைப்பேசி ஒருமுறை வாளித் தண்ணீருக்குள் விழுந்து, அரிசிப் பானைக்குள் கிடந்து பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அரிசிமேல் அவருக்குத் தனி மரியாதை.

ஆனால் பானையில் இருப்பது காய்ந்த அரிசி. கூடத்தில் கிடந்தது மழைக்கு நடுவே மெஷின் வைத்து அறுத்த நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவி பதினேழு சதவீதத்தைத் தாண்டிக் காட்டியதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரோட்டில் காயப்போடலாம் என்றால் வானம் விடவில்லை. வேறு வழியில்லாமல் தம்பி எங்கள் கூடத்தில் படுதா விரித்துக் கொட்டியிருந்தான். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதனால் அவன் அவ்வப்போது வந்து காலால் கிளறிவிட்டுப் போவான். அன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்றதால் வரவில்லை.

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. கிட்டாரை உருவி எடுத்தபோது அதன் கழுத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்து மாதிரி சுட்டது. கம்பிகளுக்கிடையே நெல்மணிகள் ஒட்டியிருந்தன. தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து நீளவாக்கில் பார்த்தேன். நேராக ஓடவேண்டிய கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. கம்பிகள், விரல் பதிக்கும் பலகையை விட்டு எங்கோ உயரத்தில் நின்றன.

"காஞ்சுடுச்சா?" என்று கேட்டார் அவர்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கடைசியாக, இனிமேல் இந்தக் கிட்டார் பெட்டியைக்கூட நீங்கள் தொடக்கூடாது என்று சொல்லி முடித்தேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, தரையில் சிதறிய நெல்லைக் கூட்டினார்.

அவ்வளவு கோபத்துக்குக் காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரத்தநாட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் வாசிக்கிற மெல்லிசைக் குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது. குழுவை நடத்துகிற அண்ணன் சமீபத்தில் புதிய கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தார். கீபோர்டுக்காரர் வலது கையால் பாட்டை வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸ் சத்தத்தையும் அதில் கொண்டுவந்துவிடலாம். ஒரு கட்டையை அழுத்திவிட்டால், இடது கைகூட வேண்டாம், அதுவாகவே தாளத்துக்கு ஓடும். அண்ணன் யாரையும் முகத்துக்கு நேரே போகச் சொல்லும் ஆள் இல்லை. "வேன்ல இடம் ரொம்ப நெருக்கமா இருக்கு, பாத்தீங்களா டீச்சர்" என்று மட்டும் சொன்னார். ஏற்கெனவே டிரம்ஸ் போய் அந்த இடத்துக்கு, தட்டினால் டிரம்ஸ் சத்தம் தருகிற எலக்ட்ரானிக் பலகை வந்துவிட்டது. வயலின்காரரைக் கூப்பிடுவதே இல்லை. அடுத்து காலியாகப்போகிற இருக்கை எது என்று தெரிந்துகொள்ளப் பெரிய புத்தி வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கிட்டாரோடு போய் நிற்காவிட்டால், நான் இல்லாமலே நிகழ்ச்சி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு வராது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சின்ன வயதில். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் கச்சேரி. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தம் இதை ஆட்டுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பாடகர் நிறுத்தினார், தண்ணீர் ஆடியது. தபலா நின்றது, அப்போதும் ஆடியது. மேடையின் மூலையில் ஒல்லியாக ஒருவர், பந்தலின் கூரையைப் பார்த்தபடி, நான்கு கம்பி வைத்த நீளமான ஒரு கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் விரலை எடுத்தார், தண்ணீர் நின்றது.

எனக்கு அப்போது உண்டான ஆச்சரியம் இன்றுவரை தீரவில்லை. அந்தச் சத்தம் தனியாக என் காதில் விழவே இல்லை. சுற்றி இருந்த ஒருவருக்கும் விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு அவர் யாருக்காக வாசிக்கிறார்? தண்ணீருக்காகவா? அந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். கல்லூரியில் இசைக்குழுவில் எல்லாரும் பாட வந்து நின்றபோது, சீந்துவாரில்லாமல் சாய்த்து வைத்திருந்த பேஸ் கிட்டாரை நான் எடுத்துக்கொண்டேன். வாத்தியார் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அதை மட்டும் விடவில்லை.

சொந்தமாக வாங்கப் போனபோதுதான் சந்தை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. திருச்சியில் ஒரு கடை. சுவர் முழுக்கக் கிட்டார்கள். சாதாரணக் கிட்டார் வரிசை வரிசையாக, பேஸ் ஒரு மூலையில் ஐந்தோ ஆறோ. எல்லாவற்றின் தலையிலும் பெரிய எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர். நான் ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பி, தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே பொடி எழுத்தில் வேறு ஒரு நாட்டின் பெயர் இருந்தது. ஒன்றில் இந்தோனேசியா, ஒன்றில் சீனா, இன்னொன்றில் மறுபடியும் இந்தோனேசியா. "பின்னாடி என்னம்மா பாக்குறீங்க, முன்னாடி பாருங்க" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

எனக்கோ பின்னாடிதான் சுவாரசியம். பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், ஒரே தொழிற்சாலையில் பல பெயர்களுக்குக் கிட்டார் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அதே மரம், அதே மெஷின், அதே ஆட்கள். தலையில் ஒட்டுகிற பெயரும் பூசுகிற பெயிண்டும் மாறும், விலை அதற்கு ஏற்ப ஏறும். இதில் அதிர்ச்சியடைய எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வயலில் விளைகிற நெல் லாரி ஏறி எங்கோ ஓர் ஆலைக்குப் போகிறது. அங்கே ஒரே அரிசியை மயில் படம் போட்ட பையிலும், மாளிகை படம் போட்ட பையிலும் நிரப்புகிறார்கள். அது திரும்பி வந்து எங்கள் ஊர் மளிகைக் கடையிலேயே அடுக்கி வைக்கப்படுகிறது. எங்கள் ஊர்க்காரர்களே மயில்தான் நல்ல அரிசி, மாளிகை குழைந்துபோகும் என்று சண்டை போடுவார்கள். கிட்டார் வாசிப்பவர்கள் இணையத்தில் போடுகிற சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மளிகைக் கடைதான் ஞாபகம் வரும்.

பையைப் பார்த்து அரிசியை முடிவு செய்யாதவள் நான். ஆனாலும் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். நல்ல பெயருள்ள கம்பெனி, தொழிற்சாலையிலிருந்து வருவதில் கழுத்து கோணலானதைக் கழித்துவிடும். பெயரில்லாத கம்பெனி கழித்ததையும் சேர்த்து அனுப்பும். காசு கூடக் கொடுப்பது, கழித்ததற்குத்தான். இது என் சொந்தக் கணிப்பு, தப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பேஸ் கிட்டாரின் நீளத்தை யார் முடிவு செய்தார்கள்? தலையை ஒட்டிய முதல் கட்டத்தில் விரல் வைக்க நான் கையை நீட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். கழுத்து நீளம் குறைந்த பேஸ் என்று ஒரு வகை உலகத்தில் இருக்கிறது. அந்தக் கடையில் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க போகாதும்மா" என்றார். வாங்க வருகிறவர்கள் எல்லாம் உயரமான ஆண்கள், அதனால் நீளமானதைத்தான் வரவழைக்கிறார்கள். நீளமானது மட்டும் இருப்பதால் உயரமான ஆண்கள்தான் வாங்க வருகிறார்கள். நம் நாட்டிலும் கிட்டார் செய்கிறார்கள், கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான சாதாரணக் கிட்டாராகப் பெரும்பாலும் செய்கிறார்கள். பேஸ் கேட்டால் கூட்டம் இல்லை என்பார்கள். செய்தால்தானே கூட்டம் வரும் என்று நான் சொல்வதைக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

ஐந்து கம்பி பேஸ் வாங்கச் சொல்லியும் அந்தக் கடைக்காரர் பார்த்தார். இன்றைக்கு மேடையில் பாதிப்பேர் அதைத்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஐந்தாவது கம்பியை வரவேற்பில் இரண்டு பாட்டுக்குத் தொடுவார்கள், மீதி நேரம் அதன்மேல் கட்டை விரலைச் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். நான்கு கம்பியில் வராத சுரம் எதுவும் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. எடையும் குறைவு.

இதற்கிடையில் நான் தஞ்சாவூர்க்காரி என்றால் போதும், உடனே ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "உங்க ஊர்லதான் பலா மரத்துல வீணை செய்யறாங்களே, அவங்ககிட்டயே பேஸ் கிட்டாரும் செஞ்சுக்கலாமே?" என்று கேட்பார். கேட்டவர்கள் எல்லாருக்கும் தாங்கள்தான் இதை முதன்முதலில் யோசித்தோம் என்ற நினைப்பு. நெய்வேலிக்காரரைப் பார்த்து உங்கள் வீட்டில் கரண்டு இலவசமா என்று கேட்கிற மாதிரி. வீணையின் கம்பி ஒரு விதம், பேஸ் கம்பி இழுக்கிற இழுப்பு வேறு விதம். செய்யவே முடியாது என்று சொல்லவில்லை, அதைச் சொல்கிறவர்கள் முதலில் செய்து பார்க்கட்டும்.

வளைந்த கழுத்துக்கு வருகிறேன். மறுநாள் பள்ளியில் மதிய இடைவேளையில் திருச்சிக் கடைக்குப் போன் போட்டேன். கழுத்து மட்டும் தனியாக வரவழைக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றார். எப்படி வளைந்தது என்று கேட்டார். நெல்லில் புதைத்தார்கள் என்று சொன்னேன். எதில் என்று இன்னொரு முறை கேட்டார்.

எந்தப் பேஸ் கிட்டாரின் கழுத்துக்குள்ளும் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதை முறுக்கினால் வளைவு நிமிரும். பெரும்பாலான கிட்டார்களில் முறுக்குகிற துளை தலைப்பக்கம், கண்ணுக்கு எதிரே இருக்கும். என்னுடையதில் மட்டும் அது கழுத்தின் அடிப்பக்கத்தில், உடம்புக்குள் மறைந்திருந்தது. கழுத்தைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது. பழைய காலத்து மாதிரியில் செய்ததாம், அதைப் பெருமையாக வேறு விளம்பரம் செய்திருந்தார்கள். அப்படி வடிவமைத்தவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து உட்கார்ந்தேன். கம்பிகளைத் தளர்த்தி, பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றினேன். கணவர் கொஞ்சம் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தொடக்கூடாது என்ற உத்தரவை மதித்துக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

கழுத்து கையோடு வந்தது. அது உட்கார்ந்திருந்த குழியில் பெயிண்ட் இல்லை. இத்தனை வருஷம் நான் தோளில் சுமந்த கறுப்புக் கிட்டாரின் உள் மரத்தை அன்றுதான் பார்த்தேன். வெளியே ஒரே கட்டை மாதிரி பளபளக்கிறது, உள்ளே பார்த்தால் வெவ்வேறு நிறத்தில் மூன்று துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சரி குறி போட்டிருந்தது. நாங்கள் விடைத்தாளில் போடுவதைப் போலவே, வால் நீண்ட சரி. எனக்கு மேலே வேலை ஓடவில்லை. யாரோ ஒருவர் இந்தக் குழியில் கழுத்தைப் பொருத்திப் பார்த்து, சரியாக உட்காருகிறது என்று போட்ட குறி. ஆணா, பெண்ணா? அவருக்குப் பேஸ் வாசிக்கத் தெரியுமா? கிட்டாரின் தலைக்குப் பின்னால் இந்தோனேசியா என்று இருந்தது; அவர் ஊரிலும் நெல்தான் விளையும் என்று எங்கோ படித்திருந்தேன். அவருக்கு ஈர நெல் சூடேறும் என்பது தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது என்னையறியாமல் என் கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன?" என்றார் பயந்துபோய்.

"ஒண்ணுமில்ல. இங்க வந்து பாருங்க. தொடாம பாருங்க."

அவர் குனிந்து, மரத்தை மோந்து பார்த்தார். கழுத்தில் விரல் பதிக்கும் பலகை மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். அது ஈட்டி மரம் என்றேன். ரோஸ்வுட் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது. இந்திய ரோஸ்வுட் என்றுதான் அந்தக் கிட்டாரின் விவரத்தில் போட்டிருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் வளர்ந்த மரம் பலகையாக அறுக்கப்பட்டு, கப்பலேறிக் கடல் கடந்து, ஒரு கழுத்தின்மேல் ஒட்டப்பட்டு, மறுபடி கப்பலேறித் திருச்சிக்கு வந்திருக்கிறது.

"அப்ப இது வெளிநாட்டுக் கிட்டார் இல்ல" என்றார்.

"உள்நாட்டுக் கிட்டாரும் இல்ல."

"வெளிநாட்டுக்குப் போயிட்டு ஊருக்கு வந்தது" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அந்த மரத்தை அனுப்புவதற்கு இப்போது கட்டுப்பாடு அதிகமாகிவிட்டது. அதனால் பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறி, அதற்கு நாகரிகமான பெயர் வைத்து விற்கின்றன. வித்தியாசம் கேட்குமா என்று சண்டை நடக்கிறது. எனக்குக் கேட்காது. கேட்கிறது என்று சொல்பவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு ஒருமுறை பரீட்சை வைக்க ஆசை.

துளைக்குள் திருகியை விட்டுக் கொஞ்சம் முறுக்கினேன். மாட்டிப் பார்த்தேன். மறுபடி கழற்றி, இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். ஒரே மூச்சில் முறுக்கினால் இரும்புக் கம்பியோ கழுத்தோ போய்விடும். அதனால் தினம் சாயங்காலம் இதே வேலை. தம்பி வந்து காலால் நெல்லைக் கிளறுவான், நான் பக்கத்தில் கழுத்தை முறுக்குவேன். இரண்டு பேருக்கும் ஈரம்தான் எதிரி. வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. நெல் ரோட்டுக்குப் போனது. சனிக்கிழமை கழுத்து நிமிர்ந்து, கம்பிகள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டன. வாசித்துப் பார்த்தேன், எல்லாக் கட்டத்திலும் சத்தம் சுத்தமாக வந்தது. சந்தோஷத்தில் என் கணவருக்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்தக் கழுத்தை நான் நிமிர்த்தியது எங்கள் கூடத்தின் ஈரக் காற்றில்.

ஒரத்தநாட்டு மண்டபம் புதிதாகக் கட்டியது, முழுக்க ஏ.சி. மேடைக்கு நேர் மேலே இரண்டு இயந்திரங்கள் காற்றைக் கொட்டின. முதல் சில பாட்டு பழுதில்லாமல் போனது. அதற்குள், கூடத்தில் குடித்த ஈரத்தை மரம் வெளியே விட ஆரம்பித்துவிட்டது. நான் முறுக்கி வைத்த இரும்புக் கம்பி கழுத்தைப் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. தலைப்பக்கத்து அடிக் கட்டங்களில் கம்பி பலகையில் உரசிக் கரகரத்தது. அடுத்த பாட்டில் கரகரப்பும் போய், அங்கே வெறும் டொக்கு டொக்கு என்ற சத்தம்தான் வந்தது. பேஸுக்கு உயிரே அந்த அடிக் கட்டங்களில்தான் இருக்கிறது. முறுக்குகிற திருகி என் பைக்குள் இருந்தது. பாட்டுக்கு நடுவே கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டுக் கழுத்தைக் கழற்ற முடியுமா?

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் இடது கை கீழே இறங்கி ஒரு கட்டையை அழுத்தியது. சுத்தமான, கனமான பேஸ் சத்தம், என்னுடையதைவிடத் திருத்தமாக ஓட ஆரம்பித்தது. நான் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டேன்.

மண்டபத்தைப் பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசோடு வரிசை நகர்ந்தது. பந்திக்குப் போகிறவர்கள் போனார்கள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. என் கணவர் ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமாகச் சுமந்த கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றியது. யாருக்காகவும் இல்லை. வேனில் இடம் நெருக்கமாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னது நியாயம்தான்.

பாடுகிற பெண், கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு நீளமான மூச்சு வாங்குவாள். மூச்சு சில நாள் நீளும், சில நாள் குறையும். நான் அதுவரை ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பேன், அவள் வாயைத் திறக்கும்போது இறங்கி அடுத்ததைத் தருவேன். யோசித்துச் செய்தது இல்லை, பழகிப்போனது. கீபோர்டுக்கு அவள் மூச்சு தெரியாது. அன்று தன் கணக்குக்கு அது இறங்கிவிட்டது. அவள் ஒரு வார்த்தை பிந்தி நுழைந்து, தடுமாறி, சமாளித்தாள். அடுத்த வரியிலும் தடுமாறினாள். கீபோர்டுக்காரரைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"எங்க போயிட்டீங்கக்கா?"

"கழுத்து வளைஞ்சுடுச்சும்மா. கீழ பாதி இடத்துல சத்தமே வரல."

"வர்ற இடத்துல வாசிங்க. எனக்குக் கால் வைக்க இடம் வேணும்கா."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய் நின்றுவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. கையை மேலே ஏற்றி, சத்தம் வருகிற கட்டங்களாகத் தேடினேன். அடிச் சுரங்கள் போனது போனதுதான். மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு, குறைவாக, தேவையான இடத்தில் மட்டும் தட்டினேன். அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீபோர்டுக்காரரிடம் சைகை காட்டினார். அவர் இடது கை அந்தக் கட்டையை மறுபடி அழுத்தி அணைத்துவிட்டு, மடிக்குப் போனது. மீதி நிகழ்ச்சி முழுக்க அங்கேயே இருந்தது.

ஒயர்களைச் சுருட்டும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார். "டீச்சர், அடுத்தது நாகப்பட்டினம். அதுக்குள்ள கழுத்தைப் பாத்து வச்சிருங்க" என்றார். வேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வெளியே என் கணவர் காத்திருந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். பிரமாதம் என்றார். நடுவில் நான் வாசிக்காமல் நின்றது தெரிந்ததா என்று கேட்டேன்.

"நிறுத்துனியா? எப்ப?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "நடுவுல ஒரு பாட்டுல மண்டபமே என்னமோ வெறிச்சுன்னு ஆன மாதிரி இருந்துச்சு. ஏ.சி.யை நிறுத்திட்டாங்களோன்னு நான் மேலகூடப் பாத்தேன்."

நான் தோளிலிருந்து கிட்டார் பெட்டியைக் கழற்றி, அவர் கையில் கொடுத்தேன்.